இருட்டிய பின் பூங்காவில் குடும்பமாக



பள்ளி விடுமுறை நெருங்கும் வாரங்களில் போதகர்களிடம் தவறாமல் வருகின்ற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, தீம் பார்க்குக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். விசுவாசிகள் அங்கே போகலாமா?" இதற்கு நான் நீண்ட பதில் சொல்வதில்லை. சிறையிருப்பிலிருந்து ஜனங்கள் திரும்பி வந்து எருசலேம் மறுபடியும் குடியேறும் நாளைக் குறித்துச் சகரியா தீர்க்கதரிசி சொல்லும்போது, கைத்தடி ஊன்றிய முதியோர் வீதிகளில் உட்கார்ந்திருப்பதையும், சிறுவரும் சிறுமியரும் அதே வீதிகளில் விளையாடிக்கொண்டிருப்பதையும் சேர்த்தே சொல்லுகிறார். ஒரு நகரம் நலமாயிருக்கிறது என்பதற்குப் பிள்ளைகளின் விளையாட்டு அங்கே அடையாளமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குமேல் அவரவர் மனச்சாட்சியும் கையிலிருக்கும் பணமும் தீர்மானிக்கட்டும்.

அதற்கு அடுத்து வருகின்ற கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "போனால் எத்தனை மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும்?" விளக்கு வைக்கும் நேரத்திற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதே நம் பெற்றோரில் பெரும்பாலோரின் எண்ணம். கேளிக்கையும் இருட்டும் ஒன்றாய்ச் சேர்ந்தால் அங்கே நமக்கு என்ன வேலை என்று மூப்பர்கள் கேட்பதுண்டு. ஆனால் பல குடும்பங்கள் இப்படிப் போய் வந்ததைக் கண்டவன் என்ற முறையில் என் ஆலோசனை இதற்கு நேர் எதிரானது. காலை பத்தரைக்கு வாயில் திறந்தவுடன் ஓடி நுழைந்து, உச்சி வெயிலில் வரிசையில் நின்று வாடி, நான்கு மணிக்கே தலைவலியோடு வெளியேறுவதைவிட, பிற்பகலில் நுழைந்து, இருட்டத் தொடங்கும் அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்திற்காக உடம்பின் பெலனைச் சேமித்து வைப்பது நல்லது. அந்தப் பொழுதில்தான் ஒரு குடும்பம் குடும்பமாக இருக்கிறது. அந்தப் பொழுதில்தான் மிகுந்த ஜாக்கிரதையும் தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாலசமுத்திரம் போன்ற ஊர்களிலிருந்து, பொதுவாகச் சித்தூர், திருப்பதிப் பகுதிகளிலிருந்து, சென்னைக்கோ பெங்களூருக்கோ பிழைக்கச் சென்ற தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், ஊரில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், பெங்களூராயிருந்தால் தெருவில் கன்னடம் என்று நான்கு பாஷைகளுக்கு நடுவே பிள்ளைகள் வளருகின்றனர். தகப்பன் வேலைக்குச் செல்லும் நேரமும் பிள்ளை பள்ளிக்குச் செல்லும் நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இரவுக் காவலராக வேலை செய்யும் சகோதரர் ஒருவர் என்னிடம், "என் மகன் என்னைப் பார்க்கிறதெல்லாம் நான் தூங்கும்போதுதான் ஐயா" என்றார். வருஷத்தில் மூன்று அல்லது நான்கு நாள் கிடைக்கும் விடுமுறையில் அவர் மகனோடு வெளியே போகிறார் என்றால், அந்த ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது சிறிய காரியமல்ல. இராப்பொழுது அவருக்கு வேலை நேரம். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் வாயிற்கதவு திறந்துவிட வேண்டிய கடமையில்லாமல், விளக்குகளுக்கு நடுவே அவர் நடக்கக் கூடிய இராத்திரி வேறு எது?

இந்தப் பூங்காக்களின் சரித்திரமே இப்படிப்பட்ட உழைப்பாளிகளைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. டென்மார்க் தேசத்தின் கோபன்ஹேகன் நகரில் 1843 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்ட டிவோலி தோட்டம் தொடக்கத்திலிருந்தே வண்ண விளக்குகளுக்குப் பெயர் பெற்றது. இன்றும் அது இயங்குகிறது. அமெரிக்காவில் 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரமுள்ள முதல் ராட்சத ராட்டினத்தை நிறுத்தினார். முப்பத்தாறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் அறுபது பேர் என ஒரே சமயத்தில் 2,160 பேர் அதில் ஏற முடிந்தது. அந்தக் கண்காட்சியே மின்விளக்கின் வெளிச்சத்தை ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்து கண்ட இடங்களில் ஒன்று. அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின், 1903-இல், நியூயார்க்கின் கோனி தீவில் லூனா பார்க் திறக்கப்பட்டபோது அதில் இரண்டரை லட்சம் மின்விளக்குகள் எரிந்தன. மறு ஆண்டில் எதிரிலேயே டிரீம்லேண்ட் என்னும் பூங்கா பத்து லட்சம் விளக்குகளோடு போட்டிக்கு வந்தது. வீட்டில் மின்சாரமே இல்லாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

1920-இல் நகர ரயில் கோனி தீவு வரை சென்றது. கட்டணம் ஐந்து சென்ட். பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்து, நெருக்கமான அறைகளில் குடியிருந்து, தையற்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த ஜனங்கள் ஒரு நாணயத்தைக் கொடுத்து அங்கே போனார்கள். பாஷை தெரியாவிட்டாலும் ராட்டினத்தில் ஏறலாம் அல்லவா? வேலை முடிந்த பிறகே அவர்களுக்கு நேரம் கிடைத்தது. ஆகவே பூங்காக்களும் இரவுக்காகவே தங்களை அலங்கரித்துக்கொண்டன. கேளிக்கைப் பூங்காவின் இராக்காலம் செல்வந்தரின் களியாட்டத்திற்காகப் பிறந்தது என்று நம்மில் சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் ஊர்விட்டு ஊர் வந்து உழைத்தவர்களே அதை வளர்த்தனர்.

நம் பக்கத்துக்கு வருவோம். தென்னிந்தியாவில் இன்று நாம் அறிந்த பெரும் பூங்காக்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்தவையே. 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவை ஏற்படுத்தினார். 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் தொடங்கியது. அதே நிறுவனத்தார் 2005-இல் பெங்களூர் மைசூர் சாலையிலும், 2016-இல் ஹைதராபாத்திலும், 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகிலும் வொண்டர்லா பூங்காக்களைத் திறந்தனர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியை அறியாத சென்னைவாசி இல்லை. எத்தனை கோமாளித்தனம் செய்தாலும் அசையாமல் நிற்கும் அங்குள்ள சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்றவர்கள் இன்று பேரப்பிள்ளைகளை அழைத்துவருகின்றனர்.

இப்போது ஒரு நடைமுறைக் காரியம். வெளிநாட்டுப் பூங்காக்களைப் போல நள்ளிரவு வரை திறந்திருப்பவை நம் தேசத்தில் அரிது. பெரும்பாலானவை மாலை ஆறு, ஆறரை, ஏழு மணியளவில் மூடிவிடுகின்றன. விடுமுறை நாட்களிலும் பண்டிகைக் காலங்களிலும் சில பூங்காக்கள் நேரத்தை நீட்டிப்பதுண்டு. ஆகையால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போது "எத்தனை மணிக்கு மூடுவீர்கள்?" என்பதோடு நிறுத்திவிடாமல், "கடைசியாக ராட்டினங்களில் எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள்? தண்ணீர் விளையாட்டு எப்போது நிற்கும்?" என்றும் கேளுங்கள். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு நேரங்களாக இருக்கக்கூடும்.

இதனோடு சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னையில் மே மாதக் கடைசியில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு அஸ்தமிக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்திலோ ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்பாகவே மறைந்துவிடுகிறது. நம் தேசத்தில் அந்திப்பொழுது குறுகியது. சூரியன் மறைந்து அரைமணிக்குள் இருட்டிவிடும். ஆகவே ஏழு மணிக்கு மூடும் ஒரு பூங்காவில் கோடை விடுமுறையில் உங்களுக்கு இருட்டு என்பது சில நிமிடங்களே கிடைக்கும். அதே பூங்காவில் டிசம்பர் விடுமுறையில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் விளக்கொளியில் உலாவலாம். வெயிலும் குறைவு. ஒரே பணத்திற்கு இரண்டு விதமான நாட்கள். ஒரு தடவைதான் போக முடியும் என்ற நிலையிலிருக்கும் குடும்பங்கள் அரையாண்டு விடுமுறையைத் தெரிந்துகொள்வதே நலம் என்பது என் அபிப்பிராயம். சென்னையில் டிசம்பர் முதல் வாரங்கள் வரை மழை பெய்யலாம் என்பதை மட்டும் மறவாதிருங்கள்.

மெய்யாகவே இராத்திரி பத்து மணி வரை நடப்பது நம் பொருட்காட்சிதான். சென்னைத் தீவுத்திடலில் பொங்கலை ஒட்டிய மாதங்களில் அரசு நடத்தும் பொருட்காட்சியும், சிறிய நகரங்களின் மைதானங்களில் ஊர் ஊராக வந்து இறங்கும் பொருட்காட்சிகளும் பிற்பகலில் திறந்து, இருட்டிய பிறகே களைகட்டுகின்றன. ஜெயன்ட் வீல், கொலம்பஸ் கப்பல், டாஷிங் கார், மரணக் கிணறு, முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம், பஞ்சு மிட்டாய். நுழைவுக் கட்டணம் குறைவு, ஒவ்வொரு ராட்டினத்திற்கும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் மூன்று பேருக்கு மட்டுமே ஏற விருப்பமிருந்தால் இதுவே சிக்கனம். தெலுங்கு அறிந்த நம் குடும்பங்களுக்கு இன்னோர் இடமும் உண்டு. ஹைதராபாத் அருகே 1996 முதல் இயங்கிவரும் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் விழாக்காலங்களில் மாலைக்குப் பின் விளக்கலங்காரமும் ஊர்வலமும் நடக்கின்றன. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரமல்ல.

இருட்டு என்ன செய்கிறது?

பகலில் பார்த்த அதே ராட்டினம் இரவில் வேறாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் உண்டு. ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்திருப்பவர் பகலில் தன் முன்னால் தண்டவாளம் எங்கே வளைகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கண்ணால் கண்டு, அறியாமலே உடம்பை அதற்கு ஆயத்தப்படுத்திக்கொள்ளுகிறார். இருட்டில் அந்த ஆயத்தம் கிடைப்பதில்லை. ஆகவே குறைந்த வேகமும் மிகுந்த வேகமாகத் தோன்றும். அமெரிக்காவின் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தார் 1975-இல் திறந்த ஸ்பேஸ் மவுண்டன் முற்றிலும் இருண்ட கட்டடத்துக்குள் ஓடுகிறது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். நம் அரசுப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் அதைவிட வேகமாகப் போகின்றன. ஆனாலும் அதிலிருந்து இறங்குகிறவர்கள் கால் நடுங்க இறங்குகின்றனர். இதை உங்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பகலில் தைரியமாய் ஏறிய பிள்ளை இரவில் ஏற மறுத்தால் அதைக் கோழை என்று பரிகசிக்க வேண்டாம். அதன் உடம்பு உண்மையைத்தான் சொல்லுகிறது.

இரவுக்கென்றே படைக்கப்பட்டது போலிருப்பது ஜெயன்ட் வீல். மெதுவாகச் சுற்றுகிறது, பேச நேரம் தருகிறது. உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது கீழேயுள்ள கூச்சல் அடங்கிவிடுகிறது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இருட்டைத் தெரியும். மின்சாரம் போன இரவுகளில் கொல்லைக்குப் போய் வந்தவர்கள் நாம். நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கோ இருட்டு என்பதே அறிமுகமில்லை. ஜன்னலைத் திறந்தால் தெருவிளக்கு, மூடினால் கைப்பேசி. உயரத்தில் ஒருபுறம் கடலின் இருளும் மறுபுறம் நகரத்தின் ஒளியும் தெரியும்போது, "நம் ஊர் எந்தப் பக்கம்?" என்று பிள்ளை கேட்கும். வடமேற்கே கையை நீட்டிக் காட்டுங்கள். சித்தூரும் திருப்பதியும் சென்னையிலிருந்து அந்தத் திசையில்தான் இருக்கின்றன. பாட்டியைப் பற்றி, கிணற்றைப் பற்றி, நீங்கள் ஊரைவிட்டு வந்த நாளைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் எளிதில் அமையாது.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் கண் முழுவதும் பழகிக்கொள்ள இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. பளீரென்ற விளக்குகளுக்கு நடுவே நின்றுவிட்டு வாகனம் நிறுத்துமிடத்திற்குள் நுழைகிறவர்களுக்குப் படியும் பள்ளமும் தெரியாமற்போவது இதனாலேயே. வயதான தாய் தகப்பன்மார் உடனிருந்தால் வாயிலைத் தாண்டியவுடன் ஐந்து நிமிடம் நிறுத்தி நடத்துங்கள். அன்றியும், மங்கிய ஒளியில் சிவப்பு நிறம் கறுப்பாகத் தெரியும். விடுமுறைக்கென்று வாங்கிய சிவப்புச் சட்டை பகலில் எடுப்பாக இருந்தாலும் இருட்டில் பிள்ளையை மறைத்துவிடும். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் நிறச் சட்டை போடுங்கள். கூட்டத்தில் தேடும்போது அதன் அருமை விளங்கும்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் சகோதரர்கள் குடும்பத்தை வருவித்து ஒரு வாரம் உடன் வைத்துக்கொள்ளும்போது எங்கே போவது என்று கேட்பதுண்டு. இரைச்சலுக்கு அஞ்சும் சிறு பிள்ளைகள் உடனிருந்தால், 1994-இல் திறக்கப்பட்ட நைட் சஃபாரி அவர்களுக்கு ஏற்றது. உலகத்தில் இரவில் விழித்திருக்கும் மிருகங்களுக்கென்றே அமைக்கப்பட்ட முதல் பூங்கா அது. 35 ஹெக்டேர் பரப்பளவுள்ள அவ்விடத்தில் நிலா வெளிச்சத்தைப் போன்ற மெல்லிய ஒளியே உண்டு. வண்டியில் அமைதியாய் உட்கார்ந்து பார்க்கலாம். கைப்பேசியின் ஃபிளாஷ் விளக்கு மட்டும் கூடாது.

கூட்டத்தில் பிள்ளை

இங்கே சற்று நின்று பேச வேண்டும். பூங்காவில் பிள்ளைகள் தொலைவது கவனமில்லாத பெற்றோருக்கு மாத்திரம் நேரிடுவது என்று எண்ணாதிருங்கள். லூக்கா எழுதின சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோட்டத்தில் ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். பஸ்கா பண்டிகை முடிந்து பெருங்கூட்டம் ஊர் திரும்புகிறது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. கைப்பிடித்து நடத்தும் சிறு வயதுமல்ல, தனியே விடும் வயதுமல்ல. யோசேப்பும் மரியாளும் கவலையற்றவர்களல்லர். பிரயாணக்காரரின் கூட்டத்தில் எங்கேனும் இருப்பார் என்று எண்ணி ஒரு நாள் பிரயாணம் நடந்துவிட்டார்கள். பிறகுதான் உறவின்முறையாரிடத்திலும் தெரிந்தவர்களிடத்திலும் தேடினார்கள். மூன்று நாளைக்குப் பின் தேவாலயத்தில் கண்டார்கள். அந்த மூன்று நாளையும் ஒரு தாயின் இருதயத்தோடு எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

இதில் நமக்கு வேண்டிய காரியம் "எங்கேனும் இருப்பார்" என்ற அந்த எண்ணமே. தனியாகப் போகும் குடும்பத்தைவிட, மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போகும்போதுதான் பிள்ளைகள் அதிகமாய்த் தப்பிப்போகின்றனர். அத்தையோடு இருக்கிறாள் என்று அம்மாவும், அம்மாவிடம் போய்விட்டாள் என்று அத்தையும் நினைக்கின்றனர். பகலில் ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். இருட்டிய பின் நான்கு நிறங்களில் மாறி மாறி எரியும் விளக்கின் கீழே எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தெரிகின்றனர். ஆகையால் சூரியன் மறைவதற்கு முன்பே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "இந்த நிமிடத்திலிருந்து இந்தப் பிள்ளை உன் கையில்" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் கழிப்பறைக்குப் போனாலும் "பார்த்துக்கொள்" என்று பொதுவாகச் சொல்லாமல் இன்னொருவரின் பெயரைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பெரியவர்களின் எண்ணிக்கை போதவில்லை என்றால் இருட்டிய பின் தங்காதிருப்பதே மேல். இந்த ஒரு காரியத்தில் நான் சலுகை காட்டுவதில்லை.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு "அம்மா" என்பதே தாயின் பெயர். ஆகவே தகப்பனின் கைப்பேசி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். மாலையில் நுழைந்தவுடன் பிள்ளையை நிறுத்தி அன்றைய உடையோடு ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம்கூட நினைவுக்கு வராது. வழிதவறினால் ஓடித் தேடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடை அணிந்த பணியாளரிடமோ கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாயிடமோ சொல்லவும் பழக்குங்கள். ஜெயன்ட் வீலைச் சந்திக்கும் இடமாக வைத்துக்கொள்வது பலரின் வழக்கம். நாலா பக்கமும் ஜனம் நிற்கும் அவ்விடத்தைவிட நுழைவுவாயில் அருகேயுள்ள அலுவலகம் நல்லது. அங்கே ஒலிபெருக்கியும் இருக்கும்.

வாலிபப் பிள்ளைகளைக் குறித்தும் ஒரு சொல். பதினைந்து வயதுப் பையனையும் பெண்ணையும் நாள் முழுவதும் தம்பி தங்கையின் பஞ்சு மிட்டாயைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லாதிருங்கள். பகலில் ஒரு மணி நேரம் அவர்களுக்கென்று விட்டுக்கொடுங்கள். விட்டுக்கொடுத்த பெற்றோரோடு இருட்டிய பின் அவர்கள் முறுமுறுக்காமல் நடப்பதைக் காணலாம்.

ராட்டினத்தைப் பார்த்து ஏறுங்கள்

பயமுறுத்துவதற்காக அல்ல, கண் திறந்திருப்பதற்காகச் சில சம்பவங்களைச் சொல்லுகிறேன். 2025 மே 27 அன்று மாலை சென்னை விஜிபி பூங்காவில் ஒரு ராட்டினம் பாதியில் நின்று, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, அந்தரத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தனர். தீயணைப்புத் துறையினர் உயர ஏணி வாகனத்தைக் கொண்டுவந்து இருட்டில் அவர்களைப் பத்திரமாய் இறக்கினர்.  ராட்டினம் நின்றுவிட்டால் குதிக்கவோ நகரவோ முயலக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு ஏறும் முன் சொல்லுங்கள்.

பஞ்சாபின் மொகாலியில் 2022 செப்டம்பர் 4 இரவு, பொருட்காட்சி மைதானமொன்றில் ஜனங்களோடு மேலே ஏறிய கோபுர ராட்டினம் சடுதியில் கீழே விழுந்து பலர் காயமுற்றனர். ஊர் ஊராகக் கழற்றி மாட்டப்படும் ராட்டினங்களில் ஒவ்வொரு முறையும் ஆணிகளும் கம்பிகளும் புதிதாய்ப் பொருத்தப்படுகின்றன. ஏறுவதற்கு முன் இரண்டு சுற்று நின்று பாருங்கள். இயக்குபவர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, அல்லது கைப்பேசியில் பேசிக்கொண்டே பொத்தானை அழுத்துகிறாரா? விளக்குகளில் பாதி எரியாத ராட்டினத்தில் நான் ஏறமாட்டேன். கண்ணுக்குத் தெரியும் பல்பையே மாற்றாதவர்கள் தெரியாத ஆணியை மாற்றியிருப்பார்கள் என்று எப்படி நம்புவது? உயர அளவு சொல்லிப் பிள்ளையை மறுத்தால் பணியாளரிடம் கெஞ்சாதிருங்கள். அந்தக் கம்பி அந்த உடம்புக்காகச் செய்யப்பட்டதல்ல.

மூடிய கட்டடங்களுக்குள் இருக்கும் விளையாட்டு அரங்குகளில் இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். 2024 மே 25 அன்று, கோடை விடுமுறையின் ஒரு சனிக்கிழமை மாலையில், குஜராத்தின் ராஜ்கோட்டில் டிஆர்பி விளையாட்டு அரங்கு தீப்பற்றி 27 பேர் மாண்டனர். அவர்களில் பிள்ளைகளும் இருந்தனர். உள்ளே ஜனம் இருக்கும்போதே நடந்த வெல்டிங் வேலையின் பொறி அதற்குக் காரணமாயிற்று. தீயணைப்புத் துறையின் அனுமதி அந்த அரங்குக்கு இல்லை. மேலே சொன்ன டிரீம்லேண்டும் 1911 மே 27 அதிகாலையில், பருவம் தொடங்குவதற்கான கடைசி நேரப் பழுதுபார்ப்பின்போது பற்றிய தீயில்தான் சாம்பலாயிற்று. அது மறுபடியும் கட்டப்படவேயில்லை. உள்ளே நுழையும்போது இரண்டாவது வாசல் எங்கே என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். வெல்டிங் நடக்கிறதென்றால் சீட்டு வாங்கிய பணம் போனாலும் போகட்டும்.

மற்றவை சிறிய காரியங்கள். தண்ணீர் விளையாட்டை மாலை நான்கரைக்குள் முடித்துத் தலை துவட்டி உலர்ந்த உடை மாற்றிவிடுங்கள். கடற்கரைச் சாலைப் பூங்காக்களில் கடற்காற்று வீசும்போது ஈரத் துணியோடு நிற்கும் பிள்ளை மறுநாள் இருமும். வொண்டர்லாவில் நீரில் இறங்கப் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை, நைலான் போன்ற துணி வேண்டும். வாடகைக்கு எடுப்பதைவிட வீட்டிலிருந்து கொண்டுபோனால் செலவு மிச்சம். சகோதரிகள் இதை முன்னமே கேட்டுத் தெரிந்துகொண்டால் அங்கே போய்ச் சங்கடப்பட வேண்டியதில்லை. இரவு உணவை உள்ளே வாங்கினால் பை காலியாகும். பெரும்பாலான பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதியில்லை. ஐந்து மணிக்கு ஆளுக்கொரு சிற்றுண்டி, வெளியே வந்தபின் சாலையோரக் கடையில் இட்லி என்று திட்டமிட்டால் பிள்ளைகளும் பசியில் அழமாட்டார்கள், ராட்டினத்தில் வாந்தியும் வராது. கடன் வாங்கிப் போகாதிருங்கள் என்று தனியே எழுத வேண்டுமா? வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஏறிய ராட்டினம் பல மாதம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

கடைசியாக, வீடு திரும்புதல். ஊரிலிருந்து சென்னைக்கு விடுமுறைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் அன்றிரவே திரும்ப எண்ணினால் தூரத்தைக் கணக்கிடுங்கள். திருப்பதி செல்லும் பேருந்துகள் 2018 முதல் மாதவரம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மாதவரம் போக நகரத்தை முழுவதும் கடக்க வேண்டும். இரவிலும் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். திருப்போரூர்ப் பக்கமிருந்தென்றால் இன்னும் அதிகம். இடையில் ஆட்டோ கிடைக்காமல் நிற்கும் அரைமணியையும் கூட்டிக்கொள்ளுங்கள். கூடுமானால் சென்னையிலுள்ள உறவினர் வீட்டில் அன்றிரவு தங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள். தங்க வழியில்லாதவர்கள், மூடும் நேரத்திற்கு முக்கால் மணி முன்பாகவே வெளியே வந்துவிடுங்கள். மூடியவுடன் முழுக் கூட்டமும் ஒரே வாயிலில் நெருக்கும். கைப்பேசியில் சார்ஜ் மீதியிருக்கிறதா என்று வாயிலிலேயே பாருங்கள். பேருந்தில் பிள்ளைக்கு ஜன்னலோர இருக்கை வேண்டாம், பத்து நிமிடத்தில் உறங்கிவிடும். ஒரு போர்வையைக் காலையிலேயே பையின் அடியில் வைத்துவிடுங்கள்.